தாத்தாவோட தூக்கும் ஒரு ஸ்டீம்பங்க் கல்யாணமும்

வழக்கமா இந்தப் பக்கத்துல சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசின்னு எழுதுற ஆள் நான். இன்னிக்கு டிரஸ் பத்தி எழுதப் போறேன். சிரிக்காம படிங்க. நடுவுல கண் மருத்துவமும் வரும், அதனால உங்க நேரம் வீண் போகாது.

த்ரெட் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன வருஷம் மார்ச் மாசம். நைட் டூட்டி. ரெண்டு மணிக்கு கேஷுவால்ட்டி கொஞ்சம் அடங்கின நேரத்துல போன்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. எம்பிபிஎஸ் படிக்கும்போது ஹாஸ்டல்ல அஞ்சு வருஷம் என்கூட ஒரே ரூம்ல இருந்தவ. இப்போ இங்கிலாந்துல லிங்கன்னு ஒரு ஊர்ல டாக்டர். அந்த ஊர்க்காரர் ஒருத்தரையே கட்டிக்கப் போறா. மே மாசம் கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன். கீழே ஒரே வரில டிரஸ் கோட்: ஃபார்மல், ஸ்டீம்பங்க்.

முதல் வார்த்தை புரிஞ்சுது. ரெண்டாவது ஏதோ பாட்டுக் குழுவோட பேருன்னு நினைச்சேன்.

கேட்டதுக்கு வாய்ஸ் நோட்ல சிரிக்கிறா. "அடியே, பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு வந்து நின்னுடலாம்னு பாக்காத. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஆறு மாசமா தச்சுக்கிட்டு இருக்காங்க. நீயும் ஒழுங்கா ஏதாவது பண்ணிட்டு வா."

சரி, ஸ்டீம்பங்க்னா என்ன? எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வராம, நீராவி இன்ஜினும் பித்தளைப் பல்சக்கரமும் மட்டுமே வளர்ந்துக்கிட்டே போயிருந்தா உலகம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கற்பனைதான். விக்டோரியா ராணி காலத்து உடுப்பு, கூடவே அந்தக் காலத்துல இல்லாத மிஷின்கள். 1870-ல் ஜூல் வெர்ன் எழுதின நாட்டிலஸ் நீர்மூழ்கி, 1895-ல் எச்.ஜி. வெல்ஸ் எழுதின கால இயந்திரம், இதெல்லாம் அந்தக் குடும்பத்துக்குத் தாத்தா பாட்டி. ஆனா பேர் ரொம்ப லேட்டா வந்தது. 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர்ங்கிற எழுத்தாளர் லோகஸ் பத்திரிகைக்குப் போட்ட கடிதத்துல பாதி விளையாட்டா வச்ச பேர் அது. இப்போ அது கதையைத் தாண்டி உடை, நகை, கல்யாணம் வரைக்கும் வந்துடுச்சு. லிங்கன்ல இதுக்குன்னே 2009-ல இருந்து ஒரு திருவிழா நடக்குது. அந்த ஊர்ல கல்யாணத்துக்கு இப்படி டிரஸ் கோட் வைக்கிறது நம்ம ஊர்ல "அனைவரும் மஞ்சள் நிறத்தில் வரவும்"னு போடுற மாதிரிதான் போல.

என்ஓசி, விசா, ஈஎல் எல்லாம் தனிக் கதை. அதை விடுங்க.

நான் முதல்ல செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. ஆன்லைன்ல போய்த் தேடினேன். பல்சக்கரம் ஒட்டின உயரத் தொப்பி, பல்சக்கரம் ஒட்டின கம்மல், பல்சக்கரம் ஒட்டின கார்செட். எல்லாத்தையும் கூடைல போட்டேன். கூட்டிப் பார்த்தா பாதி மாசச் சம்பளம். அதுல ஒரு சக்கரம்கூட இன்னொரு சக்கரத்தோட பல் சேரல. சும்மா பசை போட்டு ஒட்டினது.

கார்செட் பத்தி டாக்டரா ஒரு வார்த்தை. இடுப்பை இறுக்கிக் கட்டினா வயித்துல இருக்கற அழுத்தம் மேல ஏறும், நெஞ்செரிச்சல் வரும், மூச்சு முழுசா இழுக்க முடியாது. கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறவங்க போடற உடுப்பா அது? கட்டாயம் போடணும்னா தளர்வாக் கட்டுங்க. இன்னொண்ணு, அந்தக் காலத்து அசல் சாமான்னு யாராவது பச்சைக் கலர் துணிப்பூவோ தொப்பியோ வித்தா வாங்கிப் போட்டுக்காதீங்க. அன்னிக்குப் பச்சைச் சாயத்துல ஆர்சனிக் இருந்துச்சு. தொப்பிக்கு ரோமம் பதப்படுத்தப் பாதரசம். தொப்பி செஞ்சவங்களுக்குக் கை நடுங்கினது சும்மா இல்ல.

கூடையைக் காலி பண்ணிட்டு தோழிகிட்ட திரும்பவும் கேட்டேன். அவ சொன்ன ஒரு வரிதான் உருப்படியான யோசனை. "முதல்ல அந்தக் காலத்துல நீ யாரா இருந்திருப்பேன்னு முடிவு பண்ணு. என்ன வேலை பார்த்திருப்ப? அந்த வேலைக்கு என்ன வேணும்? அதைப் போட்டுக்கோ."

இதை யோசிச்சப்போதான் கொஞ்சம் சிக்கலாச்சு. இணையத்துல பார்த்த படங்கள்ல எல்லாரும் ஆகாயக்கப்பல் கேப்டன், சீமாட்டி, புது நாடு கண்டுபிடிக்கப் போறவர். தலையில வெள்ளைக்கார தொரை போட்ட அந்தக் குடைத் தொப்பி. நீராவிக் காலத்துல நான் பொறந்திருந்தா அந்தத் தொப்பிக்குக் கீழ நான் இருந்திருக்க மாட்டேன். அந்தத் தொப்பிக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பேன்.

அப்புறம் ஒரு போட்டோ ஞாபகம் வந்துச்சு. 1885-ல் அமெரிக்காவுல பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரில எடுத்தது. மூணு மாணவிகள். ஒருத்தர் ஜப்பான், ஒருத்தர் சிரியா, இன்னொருத்தர் நம்ம ஆனந்திபாய் ஜோஷி. அவங்கவங்க நாட்டு உடுப்புல உக்காந்திருப்பாங்க. ஆனந்திபாய் புடவையில. அடுத்த வருஷம் டாக்டர் பட்டம் வாங்கினாங்க, அதுக்கடுத்த வருஷமே டிபி-ல செத்துப் போனாங்க. வயசு 21. இதோ, நிஜமான நீராவிக் காலத்துல புடவை கட்டின டாக்டர். கற்பனையே வேண்டாம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல 1875-லயே நாலு பெண்களைச் சேர்த்திருக்காங்க, அவங்க வெள்ளைக்காரப் பெண்கள்தான், இருந்தாலும் கதவு தொறந்தது இங்கதான்.

ஆக, நான் 1890-ஓட டாக்டரம்மா. புடவை உறுதி. தோழி சொன்னதை மீறி.

அம்மாவோட அரக்குக் கலர் பட்டு ஒண்ணு, பழைய ஜரிகை, கொஞ்சம் கறுத்துப் போனது. பளபளன்னு இருக்கற புதுசைவிட இதுக்கு அதுதான் சரி. மேல கழுத்து வரைக்கும் மூடின காலர், முன்னாடி வரிசையா பட்டன், கை மேல பலூன் மாதிரி ஊதி முழங்கைக்குக் கீழ ஒட்டிப் பிடிக்கணும். 1890கள்ல ஐரோப்பாவுல அந்தக் கைதான் ஃபேஷன்.

எங்க தெரு டெய்லர் அக்காகிட்ட படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஒரு ஜாக்கெட் வேணும்க்கா"ன்னேன். அவங்க படத்தைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க.

"டாக்டரம்மா, இது பஃப் கைதானே? எங்க அம்மா காலத்துல எவ்ளோ தச்சிருக்கோம். இதுக்கு எதுக்கு வெளிநாட்டுப் படம்?"

நானூத்தம்பது ரூபாய் கூலி. லைனிங் தனி. கைக்குள்ள நிக்கறதுக்கு ரெண்டு மடிப்பு வலைத்துணி வச்சு அடிச்சாங்க, இறங்கவே இல்ல. மேல போட ஒரு பழுப்பு நிற வெயிஸ்ட்கோட், வீட்டுக்காரரோட கல்யாண சூட்ல இருந்தது, அதைப் பிடிச்சுக் குடுத்தாங்க. அவருக்கு அது இப்போ பத்தாது, அதனால ஆட்சேபணை இல்ல.

கழுத்துல என்ன மாட்டுறது? ஸ்டெத்தாஸ்கோப் மாட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போறது எனக்குப் பிடிக்காது. ஆனா 1816-ல் பாரிஸ்ல லேனெக் செஞ்ச முதல் ஸ்டெத்தாஸ்கோப் ரப்பர் குழாய் இல்லாதது. முதல்ல காகிதத்தைச் சுருட்டிக் கேட்டார், அப்புறம் மரத்துல குழல் கடைஞ்சார். நம்ம பிரசவ வார்டுல குழந்தையோட இதயத் துடிப்பு கேக்க வச்சிருக்கற ஃபீட்டோஸ்கோப் இருக்கில்ல, அதே ஜாதிதான். ஆஸ்பத்திரிச் சாமானை எடுக்கக் கூடாது. அதனால கட்டில் கால் கடையற பட்டறையில ஒரு தாத்தாகிட்ட அளவு சொல்லி, ஒரு சாண் நீளத்துல கடைஞ்சு வாங்கினேன். நடுவுல ஓட்டை. வீட்டுக்கு வந்து என் பையன் நெஞ்சுல வச்சுக் கேட்டேன். லப் டப் அவ்வளவு தெளிவா கேக்குது! அதை ஒரு நாடாவுல கோத்து இடுப்புல தொங்கவிட்டேன். வெயிஸ்ட்கோட்டுல தலைகீழா குத்துற நர்ஸ் வாட்ச் ஒண்ணு. அங்க ஆஸ்பத்திரியில முழங்கைக்குக் கீழ வாட்ச் போடக்கூடாதுன்னு விதி இருக்கறதால தோழி தினமும் குத்திக்கறது அதுதான்.

ஃபார்மல்னு போட்டிருந்தா துணியும் தையலும் சுத்தமா இருக்கணும், இரும்புச் சாமான் ரெண்டு மூணோட நிறுத்திக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கணும். யாராவது "இது எதுக்கு?"ன்னு கேட்டா பதில் இருக்கணும். நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்.

பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு. கண்ணாடி. காகிள்ஸ். ஸ்டீம்பங்க்னா தாலி மாதிரி அது. தொப்பி மேலயோ நெத்தி மேலயோ ரெண்டு வட்டக் கண்ணாடி இல்லாம ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆன்லைன்ல விலை ரெண்டாயிரம். சென்னைக்கு ஒரு ட்ரெயினிங்குக்குப் போனப்போ பாரிமுனைப் பக்கம் ஹார்ட்வேர் கடையில கேட்டேன். வெல்டிங் கண்ணாடி. ரெண்டு வட்டம், மேல தூக்குற கறுப்புக் கண்ணாடி, உள்ள வெள்ளைக் கண்ணாடி. நூத்திச் சொச்சம் ரூபாய். அசல் சாமான், அதுவும் பத்துல ஒரு பங்குக்கு! பித்தளைக் கலர் ஸ்ப்ரே அடிச்சு, எலாஸ்டிக்கைக் கழட்டிட்டு, செருப்பு தைக்கற அண்ணன்கிட்ட தோல் பட்டை வச்சு வாங்கிட்டேன்.

எல்லாத்தையும் போட்டுக்கிட்டு, கண்ணாடியை நெத்தியில ஏத்தி, கன்னத்துல கொஞ்சம் கண்மையைக் கரி மாதிரி தீத்திக்கிட்டு, ஹால்ல வந்து நின்னேன். பையன் கை தட்டினான். அப்பா பேப்பரை இறக்கிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா வேஷம் இது?"

சொன்னேன். நீராவி இன்ஜின், அந்தக் காலம், தாத்தா காலம் மாதிரின்னு. தாத்தா பேரைச் சேர்த்தா சந்தோஷப்படுவார்னு நினைச்சேன்.

எங்க தாத்தா ரயில்ல ஃபயர்மேன். ஒரு மீட்டர்கேஜ் ஜங்ஷன்ல, இன்ஜின் துடைக்கற ஆளா சேர்ந்து, கரி அள்ளிப் போடற ஃபயர்மேன் ஆனவர். நான் நாலாவது படிக்கும்போது தவறிட்டார். எனக்கு அவரைப் பத்தி ஞாபகம் இருக்கறது ரெண்டு. உள்ளங்கை சொரசொரப்பு. இடது கண்ணுல பூ. கண்ணுல பூ விழுந்திருக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் நிஜமாவே ஏதோ பூன்னு நினைச்சு, கிட்டப் போய் வாசனை பார்த்திருக்கேன்.

அப்பா பேப்பரை மடிச்சு வச்சார். சத்தம் போடல. எங்க அப்பா சத்தம் போடற ஆள் இல்ல.

"அவர் அந்தக் கரியைக் கழுவறதுக்கு தினம் ரெண்டு வாளித் தண்ணி ஊத்துவார். அப்பவும் போகாது. தலகாணி உறை கறுப்பா இருக்கும். நீ காசு குடுத்துப் பூசிக்கிட்டுப் போறியா?"

நான் பதில் சொல்லல.

"கண்ணாடி நெத்தியில இருக்கு? அவர் கண்ணுல இருந்திருந்தா..." அத்தோட நிறுத்திட்டார். எழுந்து உள்ள போயிட்டார்.

மிச்சத்தை அத்தைக்கு போன் பண்ணித்தான் கேட்டேன். முப்பத்தாறு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாத விஷயம். சிக்னல் பாக்க இன்ஜின்ல இருந்து தலையை வெளிய நீட்டினப்போ கரித்துணுக்கு வந்து இடது கண்ணுல விழுந்திருக்கு. கையால தேய்ச்சிருக்கார். துண்டு நுனியை முறுக்கிக் கூட இருந்தவர் எடுத்துவிட்டிருக்கார். ரெண்டு நாள்ல செவந்து, யாரோ பச்சிலைச் சாறு பிழிஞ்சு விட்டிருக்காங்க. அப்புறம் புண்ணாகி, ஆறும்போது வெள்ளையாத் தழும்பு. அதுதான் பூ. ஃபயர்மேன்ல இருந்து டிரைவர் ஆகணும்னா ரெண்டு கண்ணும் சரியாத் தெரியணும். கண் டெஸ்ட்ல நிக்கல. மிச்ச சர்வீஸ் முழுக்க ஷெட்டுக்குள்ளயே வேற வேலை. கூடச் சேர்ந்தவங்க டிரைவரா ரிட்டயர் ஆனாங்க.

அப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சட்டைதான். கலர் சட்டை எடுத்துக் குடுத்தா வாங்கி பீரோவுல வச்சிடுவார். ஏன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இப்போ கொஞ்சம் மருத்துவம். இதைத் தாண்டிப் போயிடாதீங்க.

வாரத்துக்கு நாலஞ்சு பேராவது எங்க கேஷுவால்ட்டிக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு வருவாங்க. கிரைண்டிங் பண்றப்போ இரும்புத் தூள் தெறிச்சவர். வெல்டிங்கைப் பக்கத்துல நின்னு பார்த்த பையன். கேட் அடிக்கும்போது ஆணி நுனி உடைஞ்சு தெறிச்சவர். வெல்டிங் வெளிச்சம் பார்த்தவங்களுக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழிச்சு, நடு ராத்திரி, கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். புறஊதாக் கதிர் கருவிழியோட மேல்தோலைச் சுட்டிருக்கும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும். இரும்புத் தூள் அப்படி இல்ல. கருவிழியில ஒட்டினா ஒரு நாளைக்குள்ள சுத்தித் துரு வளையம் கட்டும். வேகமாத் தெறிச்ச துண்டு கண்ணைத் துளைச்சு உள்ளயே போயிடலாம், வெளியில பார்த்தா சின்னப் புள்ளிதான் தெரியும். அது உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய எமர்ஜென்சி.

தேய்க்காதீங்க. துண்டு நுனி, தலைமுடி, நாக்கு எதையும் வச்சு எடுக்காதீங்க. தாய்ப்பால் வேண்டாம், பச்சிலை வேண்டவே வேண்டாம். தூசி, சாம்பல் மாதிரின்னா சுத்தமான தண்ணியில நல்லாக் கழுவிட்டு வாங்க. சுத்தியல், கிரைண்டர்ல தெறிச்சதுன்னா கண்ணை அழுத்தாம, மேல ஒரு பேப்பர் கப்பை மூடி வச்சுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. நாங்க பரிசோதனைக்கு விடற மரத்துப் போற சொட்டு மருந்து சொர்க்கம் மாதிரி இருக்கும், "அதையே எழுதிக் குடுங்க டாக்டர்"னு கேப்பாங்க. வீட்டுக்குத் தரமாட்டோம். அதையே விட்டுக்கிட்டு இருந்தா கருவிழி ஆறாது, கரைஞ்சே போகலாம். கூலிங் கிளாஸ் கிரைண்டிங்குக்குப் பாதுகாப்பு இல்ல.

ஒவ்வொருத்தர்கிட்டயும் "கண்ணாடி போடலியா?"ன்னு கேப்பேன். பதில் ஒண்ணுதான். "இருக்குங்க மேடம், நெத்தில இருந்துச்சு."

இத்தனை வருஷம் இதைக் கேட்டுட்டு, நானே காசு குடுத்து நெத்தியில மாட்டிக்கிட்டு நின்னிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி போகவே வேண்டாம்னு தோணுச்சு. இல்ல, சாதாரணமா பட்டு கட்டிக்கிட்டுப் போயிடலாம், தோழி திட்டினா திட்டட்டும். டிரஸ்ஸை மடிச்சு உள்ள வச்சுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, டூட்டி முடிஞ்சு வர்றேன், பின்கட்டுல அப்பா புளியைக் கரைச்சு வச்சுக்கிட்டு எதையோ தேய்ச்சுக்கிட்டு இருக்கார். பரண்ல இருந்து இறக்கின பித்தளைத் தூக்கு. தாத்தா வேலைக்குச் சோறு எடுத்துட்டுப் போன தூக்கு. அடியில கரி பிடிச்சு, ஒரு பக்கம் நசுங்கி, மூடி கொஞ்சம் கோணல்.

"இதைக் கொண்டு போ. கைப்பை மாதிரி இருக்கும். இன்ஜின்ல அடுப்பு வாய்க்கு மேல ஒரு தட்டு இருக்கும், அங்க வைப்பார். மத்தியானம் சோறு சூடா இருக்கும்."

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ஆனாலும் ஸ்டீம்பங்க் புத்தி விடல. "அப்பா, அடியில இருக்கற கறுப்பு அப்படியே இருக்கட்டும்பா. அந்தப் பழைய லுக்குதான் அங்க எல்லாரும் தேடுவாங்க. பிளாஸ்டிக்ல பெயிண்ட் அடிச்செல்லாம் அதைக் கொண்டு வருவாங்க."

அப்பா தேய்க்கறதை நிறுத்தல. "கல்யாண வீட்டுக்கு அழுக்குப் பாத்திரமா எடுத்துட்டுப் போவ?"

தங்கம் மாதிரி ஆக்கிட்டார். நசுங்கல் மட்டும் பாக்கி. வாதாடல நான்.

கன்னத்துல மை வேண்டாம்னு முடிவு பண்ணினேன். கண்ணாடியை என்ன பண்றதுன்னு தெரியல. தூக்குக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனேன். ஏர்போர்ட்ல தூக்கைத் திறக்கச் சொன்ன செக்யூரிட்டி தம்பி, உள்ள வெல்டிங் கண்ணாடி, மரக் குழல், ரெண்டு டஜன் சேஃப்டி பின்னைப் பார்த்துட்டு, "என்ன வேலைங்க மேடம் பாக்கறீங்க?"ன்னார். டாக்டர்னேன். அவர் நம்பின மாதிரி தெரியல.

லிங்கன் மேட்டுல இருக்கற பழைய ஊர். மேல கதீட்ரல், எதிர்ல கோட்டை. ரிசப்ஷன் பத்தி எழுதினா முடியாது. பித்தளைக் கை வச்சவர், முதுகுல தாமிரக் குழாய் சிறகு கட்டினவர், இடுப்பு உறையில துப்பாக்கிக்குப் பதில் தேநீர்க் குவளை மாட்டின அம்மா. டீ டூயல்னு ஒரு போட்டி. ரெண்டு பேர் எதிரெதிரே உக்காந்து பிஸ்கட்டை டீயில முக்கி எடுக்கணும், உடையாம கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சுச் சாப்பிடறவங்க ஜெயிச்சாங்க. டீயில பிஸ்கட் முக்கறதுல நம்மள அடிக்க ஆள் உண்டான்னு போய் உக்காந்தேன். முதல் சுத்துலயே என் பிஸ்கட் புடவையில விழுந்துடுச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

பஃப் கை ஜாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. எங்க தச்சீங்கன்னு எத்தனை பேர்! டெய்லர் அக்காவோட நம்பரை குடுத்திருந்தா அவங்க இன்னேரம் ஏற்றுமதி பண்ணிட்டு இருப்பாங்க. மரக் குழலை வச்சு மாப்பிள்ளையோட நெஞ்சைக் கேட்டு "இதயம் இருக்கு, கட்டிக்கலாம்"னு நான் சொன்னதுக்குப் பெரிய கைதட்டல்.

மாப்பிள்ளையோட பெரிய தாத்தா ஒருத்தர், எண்பதை நெருங்கினவர். வேஷம் எதுவும் போடல, சாதா சூட். என் கையில இருந்த தூக்கையே பார்த்துட்டு இருந்தார். கிட்ட வந்து எது என்னன்னு கேட்டார். சொன்னேன். அவர் மூடியைத் தடவிப் பார்த்துட்டு, அடுப்பு வாய்க்கு மேல, தட்டுலதானே வைப்பாருன்னார். பதினாறு வயசுல ரயில்ல ஃபயர்மேனா இருந்தவராம். அங்க 1968-ல நீராவி இன்ஜின் எல்லாம் நிக்கற வரைக்கும். காலையில கரி அள்ளற மண்வெட்டியையே கழுவி, அதுல முட்டையும் பன்றிக்கறியும் வறுத்துச் சாப்பிடுவாங்களாம்.

அந்த ஹால்ல அத்தனை பித்தளைக்கு நடுவுல நிஜமா கரி அள்ளினவர் அவர் ஒருத்தர்தான். அவர் சாதா சூட்ல வந்திருந்தார்.

ரெண்டு பேரும் தூக்கோட ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பி, கீழ விவரம் எழுதினேன். நம்ம ஊர்ல அப்போ விடியக்காலை. உடனே போன் வந்துச்சு.

"அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா."

"சரி. தூக்கைப் பத்திரமா எடுத்துட்டு வா." வச்சுட்டார்.

மறுநாள் காலைல கோட்டைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைத் தூண் வச்ச கட்டடத்தைத் தோழி காட்டினா. 1820-ல் திறந்த மனநல விடுதி. அந்தத் திருவிழாவுக்கு அசைலம்னு பேர் வந்ததே இதனாலதான். அதைவிட எனக்குப் பெருசாத் தெரிஞ்சது வேற. 1830கள்ல இங்க வேலை பார்த்த ராபர்ட் கார்டினர் ஹில்ங்கிற இளம் டாக்டர், அவருக்கு முன்னாடி சார்ல்ஸ்வொர்த் ஆரம்பிச்ச வேலையை முடிச்சு, 1838-க்குள்ள நோயாளிகளைக் கட்டிப் போடறதை அடியோட நிறுத்திட்டார். தோல் பட்டை, பக்கிள், விலங்கு எதுவும் கிடையாது. முந்தின நாள் ராத்திரி பாதிப் பேர் அழகுக்குன்னு உடம்பு முழுக்கப் போட்டிருந்த அதே தோல் பட்டையும் பக்கிளும்.

ஊருக்கு வந்ததும் ஹார்ட்வேர் கடைக்கு போன் பண்ணி இருபது கண்ணாடி வரவழைச்சேன். கிரைண்டிங்குக்குன்னு வெள்ளைக் கண்ணாடி பதினஞ்சு, வெல்டிங்குக்கு அஞ்சு. ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் ஆச்சு, ஆன்லைன்ல பார்த்த அந்த ஒரு பல்சக்கரத் தொப்பியோட விலை. கேஷுவால்ட்டி மேஜையில கீழ் டிராயர்ல இருக்கு. கண்ணைப் பொத்திக்கிட்டு வர்றவங்களுக்கு மருந்துச் சீட்டோட ஒண்ணு.

போன வாரம் ஒரு கிரில் பட்டறைத் தம்பி. தூளை எடுத்து, கண் டாக்டர் பார்த்து, கட்டுப் போட்டாச்சு. கண்ணாடியைக் குடுத்தேன். வாங்கி, நல்லாயிருக்கேன்னு சொல்லி, நேரா நெத்தியில மாட்டிக்கிட்டான்.

"தம்பி, கீழ இறக்கு"ன்னேன். கட்டு போட்ட கண்ணோட சேர்த்து இறக்கினான். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். டிராயர்ல இன்னும் பதினொண்ணு இருக்கு.